பூச்சியின் முகம் தெரிந்தால் பயிர் பிழைக்கும்!

கழனியில் நிற்பது நண்பனா, பகைவனா? கைப்பேசிப் படம் சொல்லுமா?

நெற்பயிரின் அடியில் ஒரு சிறு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. அரிசி மணியின் பாதி அளவு கூட இல்லை. நிறம் பச்சை. கை பட்டதும் தத்திப் பறக்கிறது.

அது பயிரைக் கெடுக்க வந்த பூச்சியா? இல்லை, கெடுக்கும் பூச்சியைத் தின்ன வந்த பூச்சியா?

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பச்சைப் புள்ளி! அவ்வளவே தெரியும்.

ஆனால் விவசாயி அதைப் பார்த்ததும் ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மருந்து அடிப்பதா, வேண்டாமா? அடித்தால் பணம் போகும். பூச்சி நண்பனாக இருந்தால் பணத்தோடு பயிரும் போகும்!

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. பூச்சியை மிகவும் கிட்டத்தில் வைத்துப் படம் பிடிப்பதுதான் அந்த வழி. காமிராக்காரர்கள் இதை "மேக்ரோ" என்பார்கள். நம் வீடுகளில் "குளோசப்" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஒரு காலத்தில் இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. இன்று விவசாயிக்கு உபயோகமான கருவியாக மாறி வருகிறது. ஆனால் முழுவதும் மாறிவிட்டதா? அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

மணிமங்கலத்தில் இரண்டு உலகம்

தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது மணிமங்கலம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். பெரிய ஏரியும் பழைய கோயில்களும் உண்டு.

சரித்திரத்திலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் மணிமங்கலமும் ஒன்று.

அன்று பகைவனை அடையாளம் காண்பது எளிது. அவன் கையில் கொடி இருந்தது! இன்று கழனிக்கு வரும் பகைவனுக்குக் கொடி கிடையாது. அதுதான் சங்கடம்.

மணிமங்கலத்தைச் சுற்றிலும் இன்று இரண்டு உலகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து நெல் விளைந்த பழைய உலகம். மற்றொன்று, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எழும்பியுள்ள ஆலை உலகம். ஒரே வீட்டில் ஒருவர் ஆலைக்கும் ஒருவர் கழனிக்கும் போவது இந்தப் பக்கத்தில் சகஜம்.

ஆலைகளில் கார் தயாராகிறது. லாரி தயாராகிறது. கைப்பேசியும் தயாராகிறது! ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அது 2014-ல் மூடப்பட்டது. பின்னர் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் பாக்ஸ்கான் ஆலை பெரிதாக வளர்ந்தது. உலகம் எங்கும் விற்பனையாகும் ஐபோன்கள் அங்கே பூட்டி முடிக்கப்படுகின்றன.

இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் பூச்சியைக் கிட்டத்தில் படம் பிடிக்கும் வசதி உண்டு. 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோ, 2 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளைக்கூடத் தெளிவாகப் படம் எடுக்கும். விலை குறைந்த வேறு கைப்பேசிகளிலும் மேக்ரோ காமிரா வந்துவிட்டது.

ஆக, ஆலையில் தயாராகும் கருவி, பக்கத்துக் கழனிக்கு உபயோகப்படக் கூடியது. இரண்டு உலகத்துக்கும் இடையே ஒரு வரப்புதான் இருக்கிறது. அந்த வரப்பைக் கருவி தாண்டிவிட்டது. கருவியை உபயோகிக்கும் அறிவு தாண்டிவிட்டதா?

மேக்ரோ என்றால் என்ன?

சாதாரணக் காமிராவைப் பூச்சிக்கு மிக அருகில் கொண்டு போனால் படம் மங்கிவிடும். நம் கண்ணும் அப்படித்தான். மூக்கு நுனிக்கு அருகே புத்தகத்தைப் பிடித்தால் எழுத்து தெரியாது.

மேக்ரோ லென்ஸ் இந்தக் குறையைப் போக்குகிறது. கிட்டத்துப் பொருளையும் தெளிவாகக் காட்டும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. 1 சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சி, காமிராவின் உள்ளே இருக்கும் பிலிமிலோ ஒளிச் சில்லிலோ அதே 1 சென்டிமீட்டர் நீளத்துக்கு விழுந்தால், அது முழு மேக்ரோ. அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் பூச்சியின் கால் மயிர் கூடத் தெரியும்!

ஆனால் இதில் ஒரு தொல்லை இருக்கிறது. அவ்வளவு அருகில் எடுக்கும்போது, தெளிவாகத் தெரியும் பகுதி மிகவும் மெல்லியது. சில சமயம் ஓரிரு மில்லிமீட்டர்கூட இராது. கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கும். இறக்கை தெளிவாக இருந்தால் கண் மங்கும்.

இதற்கு நிபுணர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். காமிராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக ஒட்டுகிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த லெவன் பிஸ் என்ற புகைப்படக்காரர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் காட்சிசாலையில் உள்ள பூச்சிகளை இப்படி எடுத்தார். ஒரு பூச்சிக்கு எத்தனை படம் தெரியுமா? 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் வரை! 2016-ல் அந்தப் படங்கள் அதே காட்சிசாலையில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கி மாட்டப்பட்டன.

விவசாயிக்கு அவ்வளவு தேவையில்லை. அவருக்குப் பூச்சியின் பெயர் தெரிந்தால் போதும்.

தூக்கத்தைக் கெடுத்த தெள்ளுப்பூச்சி

சின்னப் பூச்சியைப் பெரிதாகப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1665-ம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி ஒரு புத்தகம் வெளியிட்டார். பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தவற்றை அவர் கையால் வரைந்திருந்தார். அதில் ஒரு தெள்ளுப்பூச்சியின் படம் இருந்தது. மடித்து வைத்த அந்தத் தாளை விரித்தால் சுமார் ஒன்றரை அடி நீளம்!

அதுவரை தெள்ளுப்பூச்சி என்றால் சொறிந்துகொள்ள வைக்கும் ஒரு கரும்புள்ளி. அன்றுதான் அதற்குக் காலும் கவசமும் முகமும் இருப்பதை மக்கள் பார்த்தார்கள். சாமுவேல் பெப்பிஸ் என்ற கடற்படை அதிகாரி, இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு இரவு 2 மணி வரை விழித்திருந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்தது. சென்னை மாகாண அரசாங்கத்தில் பூச்சியியல் நிபுணராகக் கோவையில் பணியாற்றியவர் பெயின்பிரிக் பிளெட்சர். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் படங்களோடு அவர் எழுதிய பெரிய நூல் 1914-ல் வெளிவந்தது. 1940-ல் டி. வி. ராமகிருஷ்ண அய்யர், தென்னிந்திய விவசாயத்தைப் பாதிக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு கைநூல் எழுதினார்.

இவர்கள் ஏன் பூச்சிக்கு இத்தனை படம் போட்டார்கள்? பெயர் தெரியாத பகைவனோடு சண்டை போட முடியாது என்பதால்தான்!

புகையானும் அதன் எமனும்

நெல் விவசாயிகளுக்குப் புகையானைத் தெரியும். பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நெல் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகும். தீயில் கருகியது போல இருக்கும்.

மேலாகப் பார்த்தால் புகையான் தெரியாது. பயிரை விலக்கி, அடித்தூரைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் வேறு சிலரும் இருப்பார்கள். பச்சையும் கறுப்புமாக ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். "மிரிட்" என்பது விஞ்ஞானிகள் அதற்குச் சொல்லும் பெயர். அது நெல்லுக்கு எதிரி அல்ல. புகையானின் முட்டைக்கு எமன்! நெல்லின் தாள் உறைக்குள் புகையான் ஒளித்து வைக்கும் முட்டைகளைத் தேடிப்பிடித்து உறிஞ்சிவிடும்.

சிலந்தியும் இருக்கும். ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது. ஓடிப் பிடித்துத் தின்னும். புகையான்தான் அதற்குச் சாப்பாடு.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த அழகுப் பூச்சி. ஆனால் அதன் குஞ்சு எப்படி இருக்கும்? கறுப்பு உடம்பு, முதுகில் முள், பார்க்கக் குட்டி முதலை! அசுவினியைத் தின்று பயிரைக் காப்பது இந்தக் குட்டி முதலைதான். முகம் தெரியாததால், புழு என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். விவசாயி மருந்துக் கடைக்குப் போகிறார்.

"அண்ணே, கழனியிலே பச்சையா ஏதோ தத்துது. நல்ல மருந்தா குடுங்க" என்கிறார்.

கடைக்காரர் என்ன செய்வார்? பூச்சியை அவர் பார்க்கவில்லை. பல பூச்சிகளையும் கொல்லும் மருந்தைக் கொடுக்கிறார்.

மருந்து அடித்ததும் முதலில் சாவது யார்? வெளியே நடமாடும் சிலந்தியும் மிரிட் பூச்சியும்தான். புகையானின் முட்டை தாளுக்குள் பத்திரமாக இருக்கிறது. சில நாள் கழித்து முட்டை பொரிக்கிறது. குஞ்சுகள் வெளியே வருகின்றன. தின்ன வேண்டிய எதிரி ஒருவரும் இல்லை! புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுகிறது. விவசாயி மறுபடியும் கடைக்குப் போகிறார்.

இந்தோனேசியா கண்ட உண்மை

இது கற்பனை அல்ல. இந்தோனேசியாவில் ஒரு நாடே இந்தப் பாடத்தைக் கற்றது. அங்கே புகையான் தாக்குதல் கடுமையாக இருந்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. 1986-ல் அந்நாட்டு ஜனாதிபதி சுகார்த்தோ ஓர் உத்தரவு போட்டார். நெற்பயிருக்கு அடிக்கும் 57 பூச்சி மருந்துகளுக்குத் தடை!

மருந்தை நிறுத்தியதோடு அரசாங்கம் நிற்கவில்லை. விவசாயிகளைக் கழனியிலேயே உட்கார வைத்து, எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று பார்க்கப் பழக்கினார்கள். மருந்துச் செலவு குறைந்தது. நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் இந்தக் கணக்கு உண்டு. ஒரு தூரின் கிளைக்கு ஒரு புகையான் என்ற அளவு வந்தால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைக்கு இரண்டு புகையான் வரும் வரை பொறுக்கலாம்.

பாருங்கள், ஒரு சிலந்தி! மருந்து வாங்குவதா வேண்டாமா என்ற முடிவையே அது மாற்றுகிறது. அந்தச் சிலந்தியைச் சிலந்தி என்று அடையாளம் காண்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறும்

ஒரு பூச்சிக்குப் பதில் இன்னொன்றை நினைத்தால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் நடந்த கதை இது.

1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பயிரை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. மரவள்ளி அங்கே 20 கோடி மக்களுக்குச் சோறு. பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அதைத் தின்னும் எதிரியும் அங்கேதான் இருக்க வேண்டும். விஞ்ஞானிகள் தேடப் புறப்பட்டார்கள்.

தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அதேதான்! அதன் எதிரிப் பூச்சிகளைப் பிடித்து ஆப்பிரிக்கப் பூச்சியோடு விட்டார்கள். பிரயோசனம் இல்லை. நுணுக்கமாகப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. அது வேறு இனம்! உண்மையான பூச்சி 1981-ல் பராகுவே நாட்டில் கிடைத்தது. அங்கேதான் அதன் எதிரியான குட்டிக் குளவியும் கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன், 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம் உண்டு.

2020-ல் அதே மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் திருச்சூரில் தலைகாட்டியது. பிறகு சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கும் வந்தது. ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர்கள் அவை. ஆனால் அங்கே விவசாயிகள் மாவுப்பூச்சியை முதல் தடவையாகப் பார்க்கவில்லை. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் தாக்கியிருந்தது. அதற்கு எதிரியான குளவி 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. அது வேலை செய்தது.

இரண்டும் வெள்ளை மாவு பூசிய பூச்சிகள். பழையதுதான் திரும்பி வந்தது என்று நினைத்திருந்தால்? பழைய வைத்தியத்தையே செய்துகொண்டிருந்திருப்பார்கள். புதிய பூச்சி என்று தெரிந்ததால்தான் புதிய வைத்தியம் வந்தது. ஆப்பிரிக்காவில் உதவிய அதே குளவி, 2021-ல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அந்தக் குளவியின் நீளம் 2 மில்லிமீட்டர் கூட இல்லை!

நெற்றியில் எழுத்து

மக்காச்சோளத்திலும் இப்படித்தான். 2018 மே மாதம் கர்நாடகத்தில் ஒரு புது புழு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கப் படைப்புழு என்று பெயர். அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைந்தது. மக்காச்சோள விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைந்தார்கள். அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் ஏற்கெனவே எத்தனையோ புழு உண்டு. இது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? இயற்கையே அதன் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது! புழுவின் தலையில், ஆங்கில எழுத்து "ஒய்" தலைகீழாக இருப்பது போல வெள்ளைக் கோடு தெரியும். வால் பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும்.

தூரத்தில் நின்று எடுத்த படத்தில் இது தெரியாது. தலைக்கு ஒரு குளோசப், வாலுக்கு ஒரு குளோசப் எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. சின்னப் புழுவாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். வளர்ந்து குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது.

தவறான பயத்தையும் படம் போக்கும். 2020 மே மாதம் நினைவிருக்கலாம். வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி படையெடுத்தது. அந்த நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிக் கூட்டம் தென்பட்டது. தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது என்று பரபரப்பு! அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அது பாலைவன வெட்டுக்கிளி அல்ல, உள்ளூர் இனம் என்று அறிவித்தார்கள். பீதி அடங்கியது.

அரசாங்கம் என்ன செய்கிறது?

இதையெல்லாம் உத்தேசித்துத்தான் மத்திய அரசாங்கம் 2024 ஆகஸ்ட் 15-ல் தேசியப் பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. விவசாயி பூச்சியைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பலாம். செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெயர் சொல்லும். 61 பயிர்களும், 400-க்கு மேற்பட்ட பூச்சிகளும் இதில் அடங்கும்.

நல்ல திட்டம். ஆனால் திட்டம் பலன் தர மூன்று விஷயங்கள் வேண்டும்.

முதலாவது, படம் தெளிவாக இருக்க வேண்டும். மங்கலான படத்தைப் பார்த்து நிபுணராலும் சொல்ல முடியாது, கம்ப்யூட்டராலும் முடியாது. கம்ப்யூட்டர் இன்னும் ஆபத்து. தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லிவிடும்.

இரண்டாவது, கெட்ட பூச்சியோடு நல்ல பூச்சியின் பெயரையும் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். "இது மிரிட் பூச்சி, உங்கள் நண்பன், மருந்து வேண்டாம்" என்ற பதிலும் ஒரு பதில்தான். விவசாயிக்குப் பணத்தை மிச்சம் பிடித்துத் தருவது அந்தப் பதிலே!

மூன்றாவது, பதிலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்க வேண்டும். ஓர் உதவி வேளாண்மை அலுவலர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கழனிக்கும் நேரில் வருவது அவரால் ஆகாது. நல்ல படம் இருந்தால், எந்தக் கழனிக்கு முதலில் போவது என்றாவது அவரால் முடிவு செய்ய முடியும்.

கருவி ஊரெல்லாம் இருக்கிறது. பழக்கம்தான் இன்னும் வரவில்லை. ஊராட்சி தோறும் ஒரு நாள், வரப்பிலே வைத்துப் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதற்குக் கட்டடம் வேண்டாம்; புது இயந்திரமும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே பெரியவர்களுக்குக் கற்றுத் தருவார்கள்.

எப்படி எடுப்பது?

சில எளிய விதிகள் இருக்கின்றன.

விடியற்காலையில் எடுங்கள். குளிரில் பூச்சி சுறுசுறுப்பாக இராது. பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறினால் பறந்துவிடும்.

கைப்பேசியின் லென்சைச் சுத்தமான துணியால் துடையுங்கள். வியர்வையும் எண்ணெயும் படிந்திருந்தால் படம் புகை மூட்டமாக விழும்.

முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். கை ஆடக் கூடாது. மேக்ரோ வசதி இல்லாத கைப்பேசியாக இருந்தால், லென்சுக்கு முன்னால் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எடுக்கலாம்.

ஒரு படம் போதாது. முதுகு, பக்கவாட்டு, தலை என்று மூன்று படங்கள் எடுங்கள். கடித்த இலைக்கு ஒன்று, செடி முழுவதற்கும் ஒன்று. நெல்லானால் அடித்தூருக்கு ஒன்று. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நாணயமோ தீக்குச்சியோ வையுங்கள்.

எந்தத் தேதி, என்ன பயிர், நட்டு எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படம் அனுப்பத் தெரியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழில் பதில் கிடைக்கும்.

படத்துக்கும் எல்லை உண்டு

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தண்டுக்குள் இருக்கும் புழுவைப் படம் காட்டாது. வெள்ளை மாவுப்பூச்சிகளில் எது எந்த இனம் என்பதை ஆராய்ச்சிசாலையில் நுண்ணோக்கியில் வைத்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும். படம் முதல் எச்சரிக்கை, தீர்ப்பு அல்ல.

அழகுக்காகப் படம் எடுப்பவர்களும் ஒன்றை நினைக்க வேண்டும். பூச்சி அசையாமல் இருக்க அதைக் குளிர்பெட்டியில் வைப்பவர்களும், பசை போட்டு ஒட்டுபவர்களும் உண்டு. அது பாவம். படமும் பொய். சில பட்டாம்பூச்சிகளைப் பிடிப்பது 1972-ம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பூச்சிகளை நன்றாகப் பார்க்க ஆசைப்படும் குடும்பங்கள் கோவைக்குப் போனால், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பட்டாம்பூச்சி பார்க்க ஸ்ரீரங்கத்தில் பூங்கா இருக்கிறது. "தமிழ் மறவன்" என்ற பட்டாம்பூச்சி 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீட்டு முற்றமே போதும். முருங்கை மரத்துக் கம்பளிப்புழு, மல்லிகைச் செடியில் மொட்டைத் துளைக்கும் புழு, செம்பருத்தியில் அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சி எல்லாமே பாடம்தான்.

மருந்துக்கு முன்னால் ஒரு படம்

மருந்து வாங்கும் முன்னே ஒரு படம் எடுங்கள். படத்தை ஒருவரிடம் காட்டுங்கள். பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.

ஒரு நாள் தாமதமாகலாம். ஆனால் அந்த ஒரு நாளில் சிலந்தி பிழைக்கும். மிரிட் பூச்சி பிழைக்கும். சட்டைப் பையில் பணம் பிழைக்கும். மருந்து தெளிப்பவரின் மூச்சும் பிழைக்கும்.

பூச்சிக்கு முகம் உண்டு. அதைப் பார்க்கும் கருவி மணிமங்கலத்துக்குப் பக்கத்து ஆலையிலேயே தயாராகிறது. அதைக் கழனிக்குக் கொண்டுபோய்ப் பழக்கிக் கொடுப்பதுதான் பாக்கி. வேளாண்மைத் துறையும் ஊராட்சிகளும் அதைச் செய்யட்டும்!